இளங்குதிரையும் முதல் தடையும்

தாண்டப் பழகும் இளங்குதிரைக்கு முதற்பகை தடையன்று. அதன்மேல் அமர்ந்திருப்பவனின் கைகளே. முன்னாளில் ஐரோப்பியக் குதிரைவீரர் தாண்டும்பொழுது பின்னே சாய்ந்து கடிவாளத்தை இழுத்தனர். வாய் நொந்த குதிரையோ, தாண்டுவதே துன்பமென்று கற்றுக்கொண்டது.

இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெதரிக்கோ கப்பிரில்லி (1868–1907), ஆளின்றித் தாண்டும் குதிரைகளைக் கூர்ந்து நோக்கினார். அவை கழுத்தை நீட்டித் தாமே நிலைகாத்தன. ஆகவே, வீரன் முன்சாய்ந்து கடிவாளத்தைத் தளர்த்தவேண்டும் என்றார். பினரோலோ குதிரைப்படைப் பள்ளியில் அம்முறை வேரூன்றியது.

இன்றும் பயிற்சி, நிலத்திற் கிடத்திய ஒற்றைக் கழியிலேயே தொடங்குகின்றது. அதனை அமைதியாக நடந்து கடந்தபின், ஏறத்தாழ நாலரை அடி இடைவெளியிற் பல கழிகள். மெல்லோட்டத்தில் அவற்றைக் கடந்தபின்னரே தாழ்ந்த தடை. குதிரை மறுத்தால், நல்ல பயிற்சியாளர் சவுக்கை உயர்த்துவதில்லை; தடையைத் தாழ்த்துவர். அச்சத்தாற் தாண்டும் குதிரை என்றோ ஒருநாள் நின்றுவிடும். நம்பித் தாண்டுவதே நிலைக்கும்.