எழுத்து அருளா, உழைப்பா?
(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



நமக்கு முன் பேசிய தோழர் நம்மைச் "சரஸ்வதி கடாட்சம் பெற்றவர்" என்று புகழ்ந்தார். அன்பினால் சொன்னதாகவே கொள்ளுகிறோம். ஆனால் நாம் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவரல்ல. பிறகு கற்றதெல்லாம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தபோது, கட்டுவதற்கு வந்த பழைய பத்திரிகைகளைப் படித்துக் கற்றதேயாகும். இதில் கடாட்சம் எந்த வேளையில் வந்து புகுந்ததோ நமக்குத் தெரியாது. அந்த அம்மாளுக்குப் பூசை போடும் தினத்தில் புத்தகத்தையும் பேனாவையும் தொடக்கூடாது என்று அடுக்கி வைத்துவிடுகிறார்களே, அது கல்விக்குச் செய்யும் மரியாதையா என்று கேட்கிறோம்.

இந்த "அருள்" பேச்சு நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. இங்கிலாந்திலும் உண்டு. அங்கே ஆன்டனி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். 1834-ல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1867 வரையில் அந்த இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டு எழுதியவர். முதல் நாவல் 1847-ல் வெளிவந்தது. அதனால் அவருக்கு ஒரு சல்லிக்காசும் வரவில்லை. ஆனாலும் 47 நாவல்கள் எழுதினார். எப்படி? விடியற்காலை 5½ மணிக்கு மேஜைக்கு முன் உட்காருவார். முந்தின நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்துப் பார்ப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவார். காலை ஆகாரத்துக்கு முன் அன்றைய எழுத்து வேலை முடிந்துவிடும். உத்தியோக நிமித்தம் ரயிலில் போகும்போதும் மடியில் பலகையை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுவார். அதை அவர் மனைவி நல்ல பிரதி எடுப்பார்.

அவருடைய தாயாரோ இன்னும் பெரியவர். கணவரின் தொழில் நொடித்துக் குடும்பம் கடனில் விழுந்தபோது, தமது 53-வது வயதில், 1832-ல், முதல் புத்தகத்தை வெளியிட்டார். சாகக் கிடந்த மகனுக்கும் கணவருக்கும் இரவு பகலாய்ப் பணிவிடை செய்துகொண்டே நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒரு கையில் மருந்துப் புட்டி, ஒரு கையில் பேனா. அருள் வரட்டும் என்று அந்த அம்மாள் காத்திருந்தால் அடுப்பு எரிந்திருக்குமா?

டிராலப் 1882-ல் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய சுயசரிதை வெளியாயிற்று. அதில் கடிகாரக் கணக்கையும், புத்தகங்களால் சம்பாதித்தது சுமார் 69 ஆயிரம் பவுன் என்ற பணக் கணக்கையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார். செருப்புத் தைக்கிறவன் அருளுக்காகக் காத்திராதபோது எழுதுகிறவன் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அநேக கனவான்கள் முகம் சுளித்தார்கள். கலையைச் செருப்போடு சேர்ப்பதா என்பதே அவர்கள் கவலை. செருப்புத் தைப்பது இழிவு என்று நினைக்கிறவனுக்குத்தானே அது கோபத்தை உண்டாக்கும்?

இதில் தந்திரமும் இருக்கிறது தோழர்களே. எழுத்து அருள் என்றாகிவிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. நாம் ஒரு பத்திரிகைக்கு எட்டு மாதம் எழுதினோம். கூலி கேட்டபோது, "தொண்டுக்குக் கூலியா?" என்றார் அதன் சொந்தக்காரர். காகிதக் கடைக்காரருக்குக் கொடுத்தார்; அச்சாபீசுக்குக் கொடுத்தார்; தபால் தலைக்கும் கொடுத்தார். எழுதியவன் மாத்திரம் காற்றைக் குடித்து ஜீவிக்க வேண்டும்! மந்திரம் சொல்லுகிறவர் கை நீட்டினால் தட்சணை. எழுதினவன் கை நீட்டினால் பேராசையாம்.

ஒரு வாலிபர் எழுத்தாளனாக வழி என்ன என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நேரம் குறித்து உட்காருங்கள், நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்து வெட்கப்படுங்கள், வெட்டுங்கள். வேறு மந்திரம் நம்மிடமில்லை.

டிராலப் தம்மை விடியற்காலையில் எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே, கிழக் குதிரைக்காரர் ஒருவருக்கு வருஷம் 5 பவுன் தனியாகக் கொடுத்து வந்தார். தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்றும் எழுதினார். நம்மை எழுப்புகிறவர் நமது துணைவியார். அவருக்கு இதுவரையில் 5 ரூபாய்கூட நாம் கொடுத்ததில்லை. அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆதலால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.