கம்ப்யூட்டர் சொன்னதா, டம்ளர் சொன்னதா?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"நீட்டி முழக்காதே" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே ஒரு டம்ளர் வெந்நீரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போய் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போனேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' கணினி மாதிரிகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பசங்க ஆசையாகப் பார்த்தாங்க. ஆனால் திரையில் வந்ததை அப்படியே நம்பிவிட்டார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. அது என் தப்பு.

அடுத்த வாரம் 'எக்ஸ்பைஸ்' கருவியோடு போனேன். டெல்லி இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில், மாணவர்களுக்காகவே உருவான சின்னப் பெட்டி அது. மின்னழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் எல்எம்35 வெப்ப உணரியை அதில் இணைத்து, தண்ணீர் புகாதபடி மூடி, வெந்நீரில் இறக்கினோம்.

தண்ணீர் வெதுவெதுப்பான பிறகு கிடைத்த புள்ளிகளுக்கு நியூட்டனின் குளிர்தல் விதி அழகாகப் பொருந்தியது. அதே கோட்டை ஆரம்பம் வரை நீட்டினால் சேரவில்லை. கொதி சூட்டில் தண்ணீர் கணக்கைவிட வேகமாக ஆறியிருந்தது.

ஒரு பெண் எழுந்தாள். "சார், கம்ப்யூட்டர் சொல்றது சரியா, டம்ளர் சொல்றது சரியா?"

நான் பதில் சொல்லவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஆவி போகுதே சார்!" என்றான். டம்ளரை மூடி மறுபடி அளந்தோம். புள்ளிகள் கோட்டை நெருங்கின. ஆவியாதல் கொண்டுபோகும் வெப்பத்தை எங்கள் கணக்கு சேர்க்கவில்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இது விளையாட்டல்ல, நண்பர்களே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். "நம்ம காத்துல என்ன இருக்கு?" என்பது அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கேள்வி.

இப்போது நுண்தூசி உணரி கேட்கிறார்கள். பி.எம். 2.5 தூசிக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஆனால் மலிவான உணரி, தூசியில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்துக் கணக்கிடுவது. கடலோர ஈரக்காற்றில் கூடுதலாகக் காட்டிவிடும். பக்கத்தில் ஈரப்பத உணரியும் வேண்டும். தவறான எண்ணோடு நியாயம் கேட்கப் போனால், எதிரே இருப்பவர் அந்த ஓர் எண்ணைக் காட்டியே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நண்பர்களே, வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பைக் கொடுங்கள். தம்பி தங்கைகளே, மாதம் ஒரு சனிக்கிழமை கொடுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். பின் பெஞ்சில் ஒருவன் யோசித்துக்கொண்டிருப்பான்.