உய்யக்கொண்டானும் நமது நகரத்தின் பசுமையும்

திருச்சிராப்பள்ளியைப் பசுமை நகரமாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது மரக்கன்றுதான். ஆனால், நட்ட கன்றுக்கு நீர் எங்கிருந்து வரும் என்று ஆலோசிக்கிற எவரும், புத்தூரின் வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரைக்கே வந்து சேருவர்.

முதலாம் இராஜராஜ சோழனின் விருதுப்பெயரைத் தாங்கிய இந்த வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியைப் பிரிந்து, நகரத்தின் நெருக்கமான வீதிகளை ஊடுருவி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்று, சுமார் 32,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தந்து, வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகிறது. வழியில் புத்தூர் ஆறுகண் மதகைப் பாருங்கள். தெற்கிலிருந்து வரும் கோரையாற்றின் வெள்ளம் வாய்க்காலின் கரையை உடைத்துவிடாதபடி, மிகுநீரைக் குடமுருட்டி ஆற்றின் வழியாகக் காவிரிக்கே திருப்பி அனுப்பும் நுட்பமான ஏற்பாடு அங்கே இருக்கிறது. அதே மதகின் வாயில் இன்று ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் பின்னிக் கிடப்பதைக் காணும்போது நெஞ்சம் கனக்கிறது.

காவிரிக்கு நீர் விடும் மேட்டூர் அணை ஜனவரி 28-ஆம் தேதி மூடப்பட்டு, ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது நெடுநாள் வழக்கம். வாய்க்காலில் காவிரி நீர் பெருகி ஓடும் காலத்தில் நகரத்தின் கழிவு அதில் கரைந்து நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நீர்வரத்து நின்ற பின்னரோ, சாக்கடை மாத்திரமே கறுத்துத் தேங்கி, நமது அலட்சியத்தை ஊரறியக் காட்டிக்கொடுக்கிறது. 2018-ஆம் ஆண்டில் மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலரும் மாணவரும் கூடி வாய்க்காலைத் தூய்மை செய்தனர். அது போற்றத்தக்க தொண்டு. எனினும், கழிவுநீர்க் குழாயின் வாய் அடைபடாதவரையில், அள்ளிய குப்பையின் இடத்தில் புதுக்குப்பை சேர்வதைத் தடுக்க எந்தத் தொண்டராலும் இயலாது.

ஆகவே, பசுமை இயக்கம் என்பது ஒருநாள் உற்சவமாக இராமல், இடைவிடாத பிரஜா முயற்சியாக இருத்தல் வேண்டும். உங்கள் தெருவின் கழிவுநீர் எங்கே போய் விழுகிறது என்று விசாரியுங்கள். அது வாய்க்காலில் விழுமானால், பாதாளச் சாக்கடையோடு இணைக்கும்படி மாநகராட்சியிடம் விண்ணப்பியுங்கள். பதில் வராவிட்டால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். சாலையோரத்து மரத்தை வெட்ட ஆட்கள் வந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு அனுமதி தந்திருக்கிறதா என்று மரியாதையோடும் உறுதியோடும் கேளுங்கள். கரையில் நடுவதானால், நீரோரத்தில் இயல்பாகத் தழைக்கும் மருதும் நாவலும் புங்கும் நட்டு, வேலியிட்டு, வேர் பிடிக்கும்வரை குடும்பத்துக்கு ஒரு மரமாகப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

இந்த முயற்சியின் வெற்றியை அளக்க, நட்ட கன்றுகளின் கணக்கு போதாது. மேட்டூர் மூடப்பட்டிருக்கும் ஒரு கோடை நாளில் ஆறுகண்ணுக்குப் போய்ப் பாருங்கள். வாய்க்கால் வெறும் மணலாகச் சுத்தமாய் வறண்டு கிடந்தால், நாம் ஜயித்தோம். அங்கே கறுப்பு நீர் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த திங்கட்கிழமைக்கு மனு எழுதத் தொடங்குவோம்.