விசில் ஊதாத பயிற்சியாளர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஆற்றிய உரை)



"சார், கழுத்துல விசில் எங்கே?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். முப்பது வருஷம் தொங்கிய விசில் ஆயிற்றே! அதனால் விசிலே ஊதாத ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஜான் கலார்டி. அமெரிக்கர். அவர் கற்றுக்கொடுத்தது நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஓடுகிறவரைப் பாய்ந்து பிடித்துச் சாய்க்க வேண்டும். நம்ம கபடியில் பிடி போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1943-இல் கொலராடோவில் அவர் பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் ராணுவத்துக்குப் போய்விட, 16 வயதில் அவரே பொறுப்பேற்றார். ஆட்டக்காரராக எதையெல்லாம் வெறுத்தாரோ அதையெல்லாம் முதலில் நிறுத்தினார். பயிற்சியின் நடுவே தண்ணீர் குடிக்கலாம் என்றார்.

பிறகு மான்டானாவில் கரோல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள். 1953 முதல் 2012 வரை மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ். பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கிய சிறிய கல்லூரி அது. பின்னாளில் அது ஆடிய மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் கிடையாது.

அங்கே அவர் போட்ட சட்டமெல்லாம் 'கிடையாது' சட்டம்தான். பயிற்சியில் ஆளைச் சாய்ப்பது கிடையாது. விசில் கிடையாது. ஆட வந்தவரைக் கழித்துவிடுவது கிடையாது. 'கோச்' என்று கூப்பிடுவதும் கிடையாது. 'ஜான்' என்றாலே போதும்.

"இப்படியிருந்தா பசங்க உருப்படுவாங்களா?" என்று கேட்பீர்கள். 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். 1963, 1965, 1976, 2003 ஆகிய நான்கு ஆண்டுகளில் தேசியப் பட்டம். 2003-இல் எட்டி ராபின்சனின் 408 வெற்றிகளைத் தாண்டி, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் முதலிடம் பிடித்தார். 2018-இல் 91 வயதில் மறைந்தார்.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, நம்ம மைதானத்தில் ஒரு நாள் நாலாவது சுற்றில் ஒரு பையன் தண்ணீர் கேட்டான். "குடிச்சா வயித்தைப் பிடிக்கும், ஓடுடா" என்று விசிலை ஊதினேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை. 'நாம பழகினதும் இப்படித்தானே' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கலார்டியும் அப்படித்தான் பழகினார். ஆனால் அதைத் தன் பிள்ளைகள் மேல் இறக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் ஆசிரியராக, அதிகாரியாக உட்காருவீர்கள். உங்களுக்கு வலித்ததை அடுத்தவனுக்குப் பாடமாக வைக்காதீர்கள்.

அந்தப் பையன் இந்தக் கூட்டத்தில் இருந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஒரு நிமிஷம் வந்து பார்க்கட்டும். ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது.