விறகு அறுக்கும் மெஷினும் அதைப் பிடிக்கும் கையும்

(நம் சங்கத்தின் ஜனவரி மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில், பொதுவில் வாங்கிய செயின்சாவை எப்படிப் பயன்படுத்துவது, பராமரிப்பது என்பது பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சங்கத்துக்கு மெஷின் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று செயலாளரைக் கேட்டால், நாலு பேருக்குப் போன் போட்டுத்தான் சொல்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்கு விறகு போடும் இடத்தில் பல வருடம் மெஷின்களைக் கவனித்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். செயின் மழுங்கினால் ஆள் மெஷினை அழுத்துவார். அழுத்த ஆரம்பித்தால் கை சோரும், நிலை தவறும், அங்கேதான் காயம் படுகிறது. அதனால் அரம் போடுவது, எண்ணெய் ஊற்றுவது, ஃபில்டர் துடைப்பது எல்லாம் மெஷினைக் காப்பாற்ற மட்டும் செய்கிற வேலை இல்லை. அதைப் பிடித்திருப்பவரின் காலையும் கையையும் காப்பாற்றுகிற வேலை. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் மெஷினைப் பிடிப்பவர் கூலிக்கு வருகிறவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எதை அறுக்கலாம்

குன்னூரில் நாம் கணப்புக்கும் வெந்நீர் பாய்லருக்கும் எரிப்பது பெரும்பாலும் சீகை, கற்பூர மரம், கொஞ்சம் சைப்ரஸ். சீகையும் கற்பூர மரமும் 19-ஆம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து இந்த மலையில் நட்டவை. 'வெளிநாட்டு மரம்தானே, என் பட்டா நிலம்தானே' என்று யாரும் நிற்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும்.

சங்கத்து மெஷின் தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவதற்கு மட்டுமே. மரம் சாய்ப்பது வேறு தொழில், அதற்கென்று பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். காற்றில் சாய்ந்து இன்னொரு மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது, வேரோடு பாதி பெயர்ந்து நிற்பது, மின்கம்பியில் பட்டுக்கொண்டிருப்பது, இந்த மூன்றின் பக்கமும் போக வேண்டாம். கம்பி என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்திவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் மற்றது.

செயினும் அரமும்

செயினைக் கையில் எடுத்துப் பார்த்தால் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று பல் மாறி மாறி இருக்கும். 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், கட்டையைத் துளைக்கும் வண்டின் புழு தன் தாடையால் இடமும் வலமும் கடித்து முன்னேறுவதைக் கவனித்தார். அதைப் பார்த்துத்தான் இந்தப் பல்லை அமைத்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும். ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அந்த மேடு தீர்மானிக்கிறது.

செயின் கூராக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி தூள் பறந்தால் மழுங்கிவிட்டது. மெஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது, அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகிறது, அறுத்த இடம் கருகிப் புகைகிறது என்றாலும் அதே கதைதான். உடனே நிறுத்திவிட்டு அரம் போட வேண்டும்.

நம் மெஷினில் இருக்கும் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். வேறு அளவு அரம் போட்டால் பல்லின் வடிவமே கெடும். எஞ்சினை அணைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, பல்லின் மேலே இருக்கும் கோட்டுக்கு இணையாக, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும்தான் அரம் அறுக்கும். பின்னால் இழுக்கும்போது பல்லில் உரசவிடாமல் தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. இரண்டு தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் இரண்டு. இடப்பல் நீளமாகவும் வலப்பல் குட்டையாகவும் ஆகிவிட்டால் அறுப்பு நேராகப் போகாது.

நாலைந்து தடவை அரம் போட்ட பிறகு முன்மேட்டையும் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்துத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல்லுக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர் போதும். 'இன்னும் வேகமாக அறுக்கட்டும்' என்று அதிகமாக இறக்கினால் மெஷின் முரட்டுத்தனமாகக் கடித்து எகிறும். பல்லின் மேல்தட்டு 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் செயினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

செயினை மழுங்கடிப்பதில் முதல் இடம் மண்ணுக்கு. கட்டையைச் சரிவில் இழுத்துக்கொண்டு வந்தால் பட்டையெல்லாம் செம்மண் ஒட்டியிருக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு அறுங்கள். தரையில் வைத்து அறுக்காமல், இரண்டு பக்கமும் எக்ஸ் மாதிரி சட்டம் அடித்த தாங்கியில் ஏற்றி அறுங்கள். செயின் ஒரு விநாடி மண்ணைத் தொட்டாலும் அரை மணி நேர அரம் வேலை வீண்.

பெட்ரோல், எண்ணெய், காற்று

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு டூ டி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். நம் மெஷினின் கையேட்டில் 50-க்கு 1 என்று போட்டிருக்கிறது. அதாவது 1 லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவு வேண்டாம், அளவுக் குப்பி இருக்கிறது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் இறுகிவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, கேனில் தேதி எழுதுங்கள். வேலை முடிந்து பல நாள் வைக்கப் போகிறோம் என்றால் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் அடைப்புதான்.

பாருக்கும் செயினுக்கும் தனி எண்ணெய். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதையும் நிரப்ப வேண்டும். ஓடவிட்டு, மூக்கை ஒரு வெளிறிய கட்டைக்கு நேராக, தொடாமல் பிடித்தால், எண்ணெய் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் அறுக்கக் கூடாது. சிலர் வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அதில் இருக்கும் இரும்புத்தூள் எண்ணெய் பம்பைக் கெடுக்கும். கழிவெண்ணெய் ஆள் மேலும் தெறிக்கும், மழையில் கழுவிக்கொண்டு நம் ஓடைக்கும் போகும்.

தினம் வேலை முடிந்ததும் ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைக்க வேண்டும். பாரின் பள்ளத்தில் அடைந்த தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். பாரை அவ்வப்போது மேல்கீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். செயின் இறுக்கத்தை ஆறியிருக்கும்போது பாருங்கள். பாரோடு ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் கையால் இழுத்தால் தடையில்லாமல் நகர வேண்டும். சூட்டோடு இறுக்கியதை அப்படியே வைத்துவிட்டால் ஆறும்போது சுருங்கிப் பாரைப் பிடிக்கும்.

இன்னும் இரண்டு சோதனை. ஆக்சிலேட்டரை விட்டதும் செயின் நின்றுவிட வேண்டும். செயின் பிரேக்கை முன்னால் தள்ளியதும் உடனே பிடிக்க வேண்டும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்கு மெஷின் வெளியே போகக் கூடாது.

அறுக்கும்போது

செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவு வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர். நம் கொண்டை ஊசி வளைவுகளில் எந்த பஸ்ஸும் அந்த வேகத்தில் போவதில்லை.

பாரின் மூக்கில் மேல் கால்பகுதி எதன் மேலாவது பட்டால் மெஷின் அப்படியே முகத்தைப் பார்த்து எகிறும். நாம் சுதாரிப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். அதனால் முன்கைப்பிடியை இடது கட்டைவிரல் சுற்றிவளைத்துப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. மூக்குக்கு நேரே தலையை வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது தரையில் வைத்து, பின்கைப்பிடியை வலது காலால் மிதித்துக்கொண்டு, பிரேக் போட்ட நிலையில் கயிற்றை இழுக்க வேண்டும்.

கட்டைக்குள் இருக்கும் விசையையும் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் தாங்கல் இருந்து நடுவில் தொங்கும் கட்டையில் மேல்பக்கம் நெருக்கும், கீழ்ப்பக்கம் விரியும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு. கீழிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து. பார் மாட்டிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு மர ஆப்பு அடித்து எடுங்கள், இரும்பு ஆப்பு வேண்டாம். சரிவில் எப்போதும் கட்டைக்கு மேல்பக்கம் நில்லுங்கள். துண்டு உருண்டால் கீழேதான் உருளும்.

பிடிப்பவர்

போன மாதம் நம் தெருவில் ஒருவர் விறகு அறுத்துக்கொண்டிருந்தார். லுங்கி, ரப்பர் செருப்பு, காதில் ஒன்றுமில்லை. 'அண்ணே, ஷூ இல்லையா?' என்று கேட்டேன். 'இருக்குங்க சார், ஆனா லோடுக்கு இவ்வளவுன்னு பேசியிருக்கு. அதெல்லாம் மாட்டிக்கிட்டு நின்னா நேரம் போயிடும்' என்றார். அவர் மெஷினிலிருந்து மாவு மாதிரி தூள் பறந்துகொண்டிருந்தது. அரம் போட உட்கார்ந்தாலும் நேரம் போகும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

அவர் கவனக்குறைவானவர் இல்லை. நாம் பேசிய கூலி அப்படி. லோடு கணக்கில் பேசும்போது, அரம் போடாதே, ஓய்வெடுக்காதே என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். நாள் கூலி பேசுங்கள். அரம் போடும் பத்து நிமிடமும் வேலை நேரம்தான்.

செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 100 டெசிபலில் காதுக்கு ஒரு நாளில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு. வருடக்கணக்கில் அதிர்வைப் பிடித்த விரல்கள் காலைக் குளிரில் வெளுத்து மரத்துப்போகும், மழுங்கிய செயின் அதைக் கூட்டும். கால் உறை பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குள் நீளமான இழைகள் அடுக்கியிருக்கும். செயின் பட்டால் இழைகள் வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். லுங்கி அப்படி எதையும் நிறுத்தாது.

ஆகவே நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, மெஷின் ஒரே இடத்தில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். எடுத்தவர், தேதி, அரம் போட்டது, பழுது எல்லாம் நோட்டில் ஏறட்டும். இரண்டு, ஹெல்மெட், முகவலை, காதடைப்பு, கையுறை, கால் உறை, பூட்ஸ் ஒரே பையில் மெஷினோடு போகட்டும். பை இல்லாமல் மெஷின் இல்லை. மூன்று, பழகியவர் மட்டும் இயக்கட்டும். கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் கட்டாயம் இருக்கட்டும். காயக்கட்டுத் துணியும், 108-க்குச் சொல்ல சிக்னல் கிடைக்கும் போனும் அவரிடம் இருக்கட்டும். நான்கு, கூலி நாள் கணக்கில்.

கடைசியாக ஒன்று. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புகையில்லாமல் எரியும், அதற்கு ஆறு மாதமாவது ஆகும். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடாலி இறங்காது. இப்போது அறுத்து, தரையிலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போகவிட்டு அடுக்கினால் மே வரை வெயில் கிடைக்கும். டிசம்பரில் குளிர் வந்த பிறகு அவசரம் அவசரமாக ஆளைக் கூப்பிட்டு, லோடுக்கு இவ்வளவு என்று பேச வேண்டியிருக்காது.

தீர்மானங்களை நிர்வாகக்குழு ஓட்டுக்கு விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரம் போடப் பழக விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறைக்கு வாருங்கள், நான் இருப்பேன்.