கிருபாபாய் சத்தியநாதன்: வகுப்பறையிலிருந்து நாவலுக்கு

அடி அண்ணாமலையில் கூடியிருக்கும் இந்த அவையில் கிருபாபாய் சத்தியநாதனின் பெயரைக் கேட்டிராதவர்கள் இருக்கலாம். ஆனால் அவருடைய ‘கமலா’ நாவலின் நாயகி, மலைப்பகுதியில் துறவியான தந்தையின் நிழலில் வளர்ந்தவள். கிரிவலப் பாதையோரம் வாழ்பவர்களுக்கு அவள் அந்நியப் பெண் அல்லள்.

கிருபாபாய் 1862இல் அகமத்நகரில், கிறித்தவம் தழுவிய மராத்திப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். புத்தகங்களின் பக்கம் அவரை இழுத்துவிட்ட அண்ணன் பாஸ்கரும் இளமையிலேயே போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்து சென்று மருத்துவம் படிக்க வாய்ப்பு வந்தபோது உடல்நிலை குறுக்கே நின்றது. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நன்றாகப் படித்தார், ஆனால் ஓராண்டுக்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

1881இல் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். கணவர் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியர். கிருபாபாயோ அதே ஊரில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேற்று மதம், வேற்று மொழி, படி தாண்டாத பெண்கள். பிள்ளையை அனுப்பச் சொல்லி அவர்கள் வீட்டாரின் மனத்தைக் கரைப்பது எளிதா? மருத்துவராக முடியாமல் போனவர் முடங்கிக் கிடக்கவில்லை என்பதற்கு அந்தப் பள்ளியே சான்று. தோடர்களைப் பற்றிய அவருடைய கட்டுரை, ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற புனைபெயரில் வெளியானதும் அங்கிருந்தபோதுதான்.

ராஜமுந்திரி, கும்பகோணம் என்று மாறிமாறி வாழ்ந்து 1886இல் சென்னை திரும்பினார். 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் அவருடைய ‘சகுணா’ தொடராக வந்தது. தன் வாழ்க்கையையே ஆங்கிலத்தில் நாவலாக்கிய முதல் இந்தியப் பெண் என்ற இடம் அவருக்கு உண்டு.

ஆனாலும் ஆசிரியரின் கண் கூர்மையாகத் தெரிவது ‘கமலா’வில்தான். கணவன் கணேஷ் கமலாவுக்குப் பாடம் சொல்லித்தர முனைகிறான். வீட்டுப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. குத்தல் பேச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவன் பின்வாங்கிவிடுகிறான். ஒரு பெண்ணின் படிப்பு எந்த இடத்தில், யார் வாயால் நிற்கிறது என்பதை இத்தனை நுணுக்கமாகச் சொல்ல, வீடு வீடாகப் போய்ப் பழகியவரால்தான் முடியும். விதவையான கமலாவை விரும்பி ஒருவன் மறுமணத்துக்கு அழைக்கிறான். அவள் மறுத்துவிட்டு அறப்பணிக்குச் செல்கிறாள். இந்த முடிவில் எனக்கு மனக்குறை உண்டு. அதையும் மீறி, அவள் யாருக்கும் கட்டுப்பட்டு அந்த முடிவை எடுக்கவில்லை என்பதை மதிக்கிறேன்.

பெற்ற ஒரே குழந்தையையும் பறிகொடுத்தவர், நோய்ப்படுக்கையில் இந்த நாவலை முடித்து, 1894 ஆகஸ்டில் 32 வயதில் காலமானார். இரு நாவல்களும் சில ஆண்டுகளுக்குள் தமிழுக்கு வந்தன.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளி நூலகத்துக்கு ‘சகுணா’வையும் ‘கமலா’வையும் வாங்குங்கள், மேல்வகுப்பு மாணவிகளின் கையில் கொடுங்கள்.