தண்டோரா முதல் கைப்பேசி வரை

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் நாட்டில் செய்தித் தொடர்புச் சாதனங்கள் வளர்ந்த வரலாறு குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் அறிஞன் அல்லன். அஞ்சல் துறையில் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி, 2013-இல் ஓய்வு பெற்றவன். கடிதமும் தந்தியும் சுமந்து வீடு வீடாக நடந்த கால்கள் இவை. ஆகவே ஏட்டில் படித்தவற்றோடு, கண்ணால் கண்டவற்றையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தபாலிலிருந்தோ தந்தியிலிருந்தோ தொடங்குவார்கள். நான் அதற்கும் முன்னே சென்று தொடங்க விரும்புகிறேன். ஏனெனில் நம் முன்னோர் அங்கேதான் நிற்கிறார்கள். ஊருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் தண்டோரா போட வேண்டும். அதைப் போட்டவர் நம் பாட்டனார். ஊரில் ஒரு சாவு விழுந்தால், பத்து ஊர் உறவினருக்கு இழவு சொல்லக் கால்நடையாக ஓடியவரும் அவரே. வரி கட்டும் நாளையும், ஏரி மடை திறக்கும் நேரத்தையும் அவர் கூவினார். ஆனால் வரி கட்டுவதற்கு அவருக்கு நிலம் இல்லை. அந்த ஏரியில் இறங்கி நீர் மொள்ளும் உரிமையும் இல்லை. செய்தியைச் சுமந்தவர்கள் நாம். செய்திக்கு உரியவர்களாக நாம் இருக்கவில்லை. இந்த வழக்கம் என்றோ மறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தண்டோரா போடுவதைத் தடை செய்யுமாறும், ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களைப் பயன்படுத்துமாறும் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டு மாதத்தில்தான். நாட்டில் கைப்பேசி வந்து இருபத்தேழு ஆண்டுகள் சென்ற பின்னர்!

இனித் தபாலுக்கு வருவோம். 1854 அக்டோபரில் இந்தியா முழுவதற்கும் ஒரே விதமான அஞ்சல் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் தூரத்திற்கு ஏற்றபடி கூலி. அதன் பின்னர் எடைக்கு மட்டுமே கட்டணம். கால் தோலா எடையுள்ள கடிதத்திற்கு அரையணா. 1879-இல் காலணா விலையில் அஞ்சல் அட்டை வந்தது. அடுத்த ஆண்டில் மணியார்டர் வந்தது. தூரம் எவ்வளவாயினும் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே கட்டணம் என்பது உயர்ந்த கொள்கை. ஆயினும் ஆயிரம் மைல் கடந்து வந்த கடிதம், ஊரிலிருந்து சேரிக்கு வரும் கடைசி அரை மைலில் நின்றுவிடும் நிலை இருந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்திற்குத் தாய்மார்கள் கைநாட்டு வைத்தார்கள். எவ்வளவு பணம் வந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

1924-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அவ்வாண்டில்தான் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் வானொலி மன்றம் ஒன்று தோன்றி, காற்றின் வழியே பாட்டும் பேச்சும் அனுப்பியது. அதே ஆண்டில், அதே சென்னையில், சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றையும் பொது அலுவலகத்தையும் அணுகவும் எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்பதே அத்தீர்மானம். குரல் காற்றில் பறக்கத் தொடங்கிய ஆண்டில், மனிதன் தெருவில் நடப்பதற்குத் தீர்மானம் தேவைப்பட்டது. ஒரு நாட்டில் கருவிகள் முன்னேறுவதும் மனிதர்கள் முன்னேறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பெரியோர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். செய்தியைப் பெறுவது மட்டும் போதாது, நம் செய்தியை நாமே சொல்ல வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். அதனால்தான் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். அச்சு இயந்திரம் என்னும் கருவியைக் கையில் எடுத்தபோது, அவர்கள் முதலில் கேட்டது பேசும் உரிமையை.

இங்கே என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

என் அண்ணன் எங்கள் காலனியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஈராண்டுகள் காத்திருந்தார். 1971-இல் ஒரு நாள், உப்பு வாங்குவதற்காக ஊருக்குள் இருந்த மளிகைக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் கல்லாப்பெட்டியின் அருகே இருந்த காகிதக் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி, "உங்க அண்ணனுக்கு வந்தது, கொண்டுபோய்க் கொடு" என்றார். நேர்முகத் தேர்வுக்கு வருமாறு அழைக்கும் அட்டை அது. அதில் குறித்திருந்த நாள் கழிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. தபால்காரர் காலனிக்குள் வருவதில்லை. கடையில் கொடுத்துவிட்டுப் போவதே வழக்கம். அண்ணன் அட்டையை இரண்டு முறை படித்தார். ஒன்றும் பேசவில்லை. கூரையில் செருகிவிட்டு, மறுநாள் விடியலில் நாற்றுப் பறிக்கப் போய்விட்டார். இறுதி வரை அவர் கூலி வேலைதான் செய்தார்.

அந்தக் கடைக்காரர் கெடுக்க வேண்டும் என்று நினைத்தவர் அல்லர், மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் நம் வாசலுக்கு வர வேண்டிய ஒன்று பிறர் வாசலில் நின்றுவிட்டால், அது நம்மை அடைவதும் அடையாததும் பிறருடைய நினைவைப் பொறுத்ததாகிவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். பின்னர் அஞ்சல் துறையில் சேர்ந்தபோது எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். கடிதத்தை உரியவர் வீட்டில் அன்றி வேறெங்கும் வைப்பதில்லை என்பதே அவ்விதி.

வானொலியின் கதையும் இதுவே. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. எங்கள் சிற்றூருக்கு வானொலி வந்தது பஞ்சாயத்து அலுவலகத்தின் வழியாக. ஊரார் திண்ணையில் அமர்ந்து கேட்டார்கள். நாங்கள் சாலைக்கு அப்பால் நின்று கேட்டோம். ஒலிக்குத் தீண்டாமை தெரியாது. அது எங்கள் செவிக்கும் வந்தது. ஆனால் நிலையத்தை மாற்றும் விசையைத் திருப்பும் கை எங்களுடையதன்று. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தபோதுதான், களத்து மேட்டில் நம்மவர் தமக்கு வேண்டியதைத் தாமே திருப்பிக் கேட்டார்கள். தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் தோன்றி, 1975-இல் சென்னைக்கு வந்தது. 1975-76-இல் செயற்கைக்கோள் வாயிலாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிய பெரும் சோதனையும் நடந்தது. அதில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிய பிறகே, நம் குடிசைகள் பலவற்றில் அந்தப் பெட்டி ஒளிர்ந்தது.

தொலைபேசியோ இவற்றினும் மெல்ல நடந்தது. 1882-லேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. இருந்தும் விடுதலை பெற்ற நாளில் முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 80,000 தொலைபேசிகளே இருந்தன. 1984-இல் தோன்றிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதியின்றி நம் வெயிலையும் புழுதியையும் தாங்கும் சிறிய கிராம இணைப்பகங்களை உருவாக்கியது. அதன் பின்னரே சிற்றூர்களுக்குத் தொலைபேசி வந்தது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகள் பெருகின. அதற்கு முன் எங்கள் ஊரில் தொலைபேசி ஒரு வீட்டில்தான் இருந்தது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டாலும், பாம்பு கடித்தாலும் அவ்வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும். "யாருக்கு? எதற்கு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நம்மை அடித்தவர் அவ்வீட்டாரின் உறவினராக இருந்தால், காவல் நிலையத்திற்கு எப்படிச் சொல்வது? எண்ணிப் பாருங்கள்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் முதல் கைப்பேசி அழைப்பு நிகழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று இணையச் சேவை பொதுமக்களுக்கு வந்தது. 2003-இல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லையென்று ஆனது. 2016-க்குப் பின் இணையத்தின் விலையும் வீழ்ந்தது. நான் ஓய்வு பெற்ற அதே 2013-ஆம் ஆண்டு ஜூலையில், நூற்றாறுபது ஆண்டுக் காலத் தந்திச் சேவையும் ஓய்வு பெற்றது. இன்று கூலித் தொழிலாளியின் மடியிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. வன்கொடுமைக்கு ஆளானவர் யார் வீட்டுக் கொல்லையிலும் நிற்காமல், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 14566 என்னும் இலவச எண்ணை அழைக்கலாம். இது சிறிய மாறுதல் அன்று. இதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் கண்டது என்ன? பாடம் கைப்பேசியில் வந்தது. பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அது தகப்பனாரின் சட்டைப் பையில், காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டது. அரசின் கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல ஆசிரியர் அங்கே இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரவு எட்டு மணிக்குத் தந்தை வரும் வரை வாசலில் காத்திருப்பாள். அவர் வந்ததும், காலையில் வந்த பாடத்தைத் தேடுவாள். அவளைக் காணும்போதெல்லாம் என் அண்ணனின் அட்டைதான் நினைவுக்கு வரும். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும், நமக்கு வர வேண்டியது வேறெங்கோ கிடந்து காலந்தாழ்ந்தே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. இன்று சாதிச் சான்றிதழும் கல்வி உதவித்தொகையும் இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டியவை. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் படிக்கத் தெரியாத மூதாட்டி, அதைக் கடைக்காரரிடம் நீட்டி, "நீயே பாரப்பா" என்கிறார். அன்று மணியார்டரில் கைநாட்டு வைத்த தாய்க்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? கருவி நம் கைக்கு வந்துவிட்டது. அதைப் படிக்கும் கண் இன்னும் பிறருடையதாகவே இருக்கிறது. கருவியைக் கடையில் வாங்கலாம். கண்ணைக் கல்வியால்தான் பெற முடியும்.

ஆகவே இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, சங்கக் கட்டடத்தில் மாலைதோறும் ஒரு மேசை திறந்திருக்கட்டும். படித்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்து, விண்ணப்பம் எழுதவும் அறிவிப்புகளைப் படித்துச் சொல்லவும் மக்களுக்கு உதவட்டும்; அவர்களே எழுதப் பழகும் வரை பொறுமையாகக் கற்பிக்கட்டும். இரண்டாவது, பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பிறர் தயவை நாடாமல் பயில்வதற்குச் சில கணினிகளைச் சங்கமே வாங்கி வைக்கட்டும். மூன்றாவது, நம் முதியோர்களின் அனுபவங்களைப் பதிவு செய்து ஆண்டுக்கு ஒரு சிறு நூலேனும் வெளியிடுவோம். 1893-இல் தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை.

என் அண்ணன் மறைந்த பிறகு, அந்த அட்டை என்னிடம் வந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கிறது. எழுத்து இன்னும் தெரிகிறது. அதை இன்று சங்கத்திடம் ஒப்படைக்கிறேன். மாலை நேர மேசை அமையும்போது, அதன் மேலே சுவரில் மாட்டி வையுங்கள். அங்கே அமரும் இளைஞர்கள் தாம் எதற்காக அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்துகொள்வார்கள்.

 கல்விச் சங்கம் பொன்விழாக் காண்க! நம் பிள்ளைகள் அதை முன்னின்று நடத்துக!